அத்தாவின் குவாலியும் ஐந்து வெள்ளியும்

நடுவர் அவர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மீ கோரெங்கை, அதாவது வறுத்த நூடுல்ஸை, வர்ணித்த அழகில் எனக்கே வாய் ஊறிவிட்டது. குவாலி என்கிற வாணலியிலிருந்து எழும் புகையைச் சொன்னார், சட்டுவம் போடும் தாளத்தைச் சொன்னார், தட்டோரத்தில் சாய்ந்து கிடக்கும் வெள்ளரித் துண்டைக்கூட விடவில்லை. ஏழு நிமிடம் பேசியவர் ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. அந்தத் தட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்? ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலர். அதைச் சொன்னால் வாதம் அங்கேயே படுத்துவிடும் என்று நாசூக்காக முழுங்கிவிட்டார்.

சிங்கப்பூரின் உணவங்காடிக்கு, அதாவது சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்துக்கு, நம்மை இழுப்பது சமைப்பவரின் கைப்பக்குவமா, மலிவு விலையா என்பது இன்றைய கேள்வி. நான் மலிவு கட்சி. ஓர் உண்மையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம். நான் ஒரு மீ கோரெங் கடைக்காரரின் மகள். எங்கள் அத்தா இந்தத் தீவின் கிழக்குப் பக்கத்தில் ஓர் உணவங்காடியில் 31 வருடம் குவாலி பிடித்தவர். "பெத்த அத்தா கைக்கு எதிராவா பேசப் போறே?" என்று அம்மா காலையில் கோபித்துக்கொண்டார். அத்தாவிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "மலிவுன்னே பேசு, அதான் நிஜம்" என்றார். எதிரணிக்குச் சாட்சி சொல்ல வேண்டியவரே எங்கள் பக்கம் வந்துவிட்டார், குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக இரண்டு வரி. மீ என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல். கோரெங் என்றால் மலாயில் எண்ணெயில் வறுத்தது. வறுப்பவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். கடையநல்லூரிலிருந்தோ தென்காசிப் பக்கமிருந்தோ தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பமாக இருக்கும். ஆனால் இது ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த பலகாரம் இல்லை. இந்தப் பக்கம் வந்த பிறகு, பக்கத்துக் கடைச் சீனரின் மீயையும் நம் வீட்டு மிளகாய் விழுதையும் சேர்த்துப் பிறந்தது. கோதுமை மாவில் காரத் தண்ணீர் விட்டுப் பிசைவதால் மீ மஞ்சளாகிறது. மிளகாய்க் காரம் இல்லை, சோடாக் காரம்.

சரி, குவாலிக்கு வருவோம். பள்ளி விட்டுக் கடைக்குப் போனால் எனக்கு இரண்டு வேலை. அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரிக்க வேண்டும். அப்புறம் மீயை உதிர்க்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் மீ எண்ணெய்ப் பூச்சோடு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். விரலை உள்ளே விட்டு மெதுவாக உலுக்கிப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், அறுந்த மீ குவாலியில் களியாகிவிடும். அத்தா அதற்கு மட்டும் திட்டுவார், வேறெதற்கும் திட்டியதில்லை.

அவர் எண்ணெய் விட்டு, வெங்காயமும் ஆட்டுக்கறித் துணுக்கும் வதக்கி, மிளகாய் விழுதும் தக்காளி சாஸும் போட்டு, உருளைக்கிழங்கைச் சேர்த்து, மீயைக் கொட்டியதும் ஒரு தகர டப்பாவிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். உஸ் என்று ஒரு சத்தம், முகம் மறைகிற அளவுக்கு ஆவி. அந்தத் தண்ணீர் வற்றும்போது விழுது மீயில் போய் ஒட்டிக்கொள்ளும். வற்றுவதற்கு முன்னால் இறக்கினால் சொதசொதவென்று இருக்கும், கொஞ்சம் விட்டால் அடிப்பிடிக்கும். ஓரத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, கடைசியாகத் தௌகே, அதாவது முளைப்பயறு, போட்டு இரண்டு புரட்டு. தட்டில் கொட்டி வெள்ளரிக்காய், ஒரு கரண்டி சாஸ், எலுமிச்சைத் துண்டு. எல்லாம் மூன்று நிமிடம்.

எதிரணி அக்கா கைதட்டுகிறார், பாருங்கள். "இதுதானே கைப்பக்குவம்!" என்கிறார். பொறுங்கள் அக்கா. அந்தக் கை எங்கிருந்து வந்தது? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தட்டு இரண்டு வெள்ளி. இரண்டு வெள்ளிக்கு விற்றுக் குடும்பம் நடத்த ஒரு நாளைக்கு 150 தட்டாவது வறுத்தாக வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் கடை. கணக்குப் போடுங்கள், வருடத்துக்கு 45,000 தட்டுக்குக் குறையாது. 31 வருடத்தில் ஏறக்குறைய 14 லட்சம் தட்டு. அதே தட்டை இருபது வெள்ளிக்கு விற்றிருந்தால் அத்தா நாளைக்குப் பதினைந்து தட்டு வறுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கை எங்கே பழகியிருக்கும்? நீங்கள் கொண்டாடும் கைப்பக்குவம் மலிவு பெற்ற பிள்ளை. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு தாயை வாசலில் நிறுத்துகிறீர்கள்.

இன்னொன்று, அடுப்படியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். தௌகே மறுநாளைக்குத் தாங்காது. ஓரம் பழுப்பேறி ஒரு வாடை வந்துவிடும். உதிர்த்த மீயும் வெக்கையில் நின்றால் புளித்துப்போகும். அன்றைக்கு வாங்கியது அன்றைக்கே ஓட வேண்டும். அதை ஓட வைப்பது எது? வரிசை. வரிசையைக் கொண்டுவருவது எது? விலை. மலிவான கடையில்தான் சாமான் புதிதாக இருக்கும் என்று அத்தா சொல்வார். 

எதிரணித் தலைவர் உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லின் கையேட்டின் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2016இல் மிஷ்லின் கையேடு முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, சைனாடவுன் உணவங்காடியில் சோயா சாஸ் கோழி விற்ற கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது, ஆகவே கைப்பக்குவம் வென்றது என்றார். ஐயா, அந்தச் செய்தியை உலகம் எப்படிப் படித்தது? "நட்சத்திரக் கோழி" என்றா? "உலகத்திலேயே மலிவான மிஷ்லின் சாப்பாடு" என்று படித்தது. அன்றைக்குக் கோழிச் சோறு இரண்டு வெள்ளி. அந்த இரண்டு வெள்ளிதான் செய்தி. பாரிஸில் நூறு யூரோ உணவகத்துக்கு நட்சத்திரம் கிடைத்தால் யாராவது விமானமேறி வந்து படம் எடுப்பார்களா?

யுனெஸ்கோவையும் இழுத்தார்கள். சந்தோஷம். 2020 டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். எந்தத் தலைப்பில் சேர்த்தார்கள் என்று பார்த்தீர்களா? பல இன நகரச் சூழலில் சமூகமாகச் சேர்ந்து உண்ணும் வழக்கமும் சமையல் முறையும். சேர்ந்து உண்பது முதலில், சமையல் அப்புறம். வரிசையை மாற்றியது நான் இல்லை. சேர்ந்து உண்ண வேண்டுமென்றால் எல்லாரும் அந்த மேசைக்கு வர முடிய வேண்டும். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போகிறோமே, அந்த வட்ட மேசையின் மற்ற நாற்காலிகளில் யார் யார் வந்து உட்காருகிறார்கள்? டாக்சி ஓட்டுநர், வங்கி மேலாளர், சீருடையில் மாணவி, கட்டுமான வேலை முடித்துக் காலணியில் சிமெண்டோடு வரும் நம் ஊர்த் தம்பி. தட்டு பதினைந்து வெள்ளியாகட்டும், வங்கி மேலாளர் மட்டும் மிஞ்சுவார்.

"மலிவு ஒரு தற்செயல்" என்று ஒரு சொல் விழுந்தது. தற்செயலே இல்லை. 1968, 69 வாக்கில் தெருவோரத்தில் வண்டி தள்ளி விற்றவர்களையெல்லாம் அரசாங்கம் பதிவு செய்தது. 1971இலிருந்து 1986 வரை வரிசையாக உணவங்காடிகளைக் கட்டி, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் போட்டு, அவர்களை உள்ளே கொண்டுவந்தது. தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தது. கையைப் பார்த்தா கட்டினார்கள்? வேலைக்குப் போகிறவன் சுத்தமாகவும் சகாய விலையிலும் சாப்பிட வேண்டும் என்று கட்டினார்கள். கட்டிடத்தின் அஸ்திவாரத்திலேயே விலை இருக்கிறது.

போன வருடம் ஓர் அலுவலக விருந்துக்காக ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனேன். அங்கே மீ கோரெங் 24 வெள்ளி. வெள்ளைப் பீங்கானில் நடுவே சின்னக் குன்றாக மீ, அதன்மேல் இரண்டு இறால் நட்டமாக நின்றன. ருசி மோசமில்லை, நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் நான் அதைச் சாப்பிடவில்லை, தணிக்கை செய்தேன். இறால் எத்தனை, இந்த இலை எதற்கு, இருபத்து நான்கு வெள்ளிக்கு இவ்வளவுதானா என்று ஒவ்வொரு வாயும் கணக்கு. ஐந்து வெள்ளித் தட்டில் அந்தக் கவலை கிடையாது. உருளைக்கிழங்கு ஒரு துண்டு கூட விழுந்தால் லாபம், முட்டை கொஞ்சம் கருகியிருந்தால் அதுவும் ஒரு வாசனை. மலிவு நாக்கைத் தளர்த்திவிடுகிறது ஐயா.

எதிரணியின் ஒரு கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன், மறைக்க மாட்டேன். "மலிவு மலிவு என்கிறீர்களே, அதைச் சுமக்கிற முதுகு யாருடையது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உணவங்காடிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 60ஐத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வருவதில்லை. நானே போகவில்லை, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அத்தாவின் வலது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. கதவுக் குமிழை இடது கையால்தான் திறப்பார். ஆனால் இன்றைய கேள்வி மலிவு நியாயமா என்பது இல்லை. நம்மை இழுப்பது எது என்பது. வாடகையை யார் குறைப்பது, யார் பங்குபோடுவது என்று இன்னொரு மேடை போடுங்கள். அன்றைக்கு நான் உங்கள் அணியில் வந்து உட்காருகிறேன்.

ஏன் அத்தா "மலிவுன்னே பேசு" என்றார் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். எங்கள் கடைக்கு ஒரு சீனத் தாத்தா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். பேர் தெரியாது, நாங்கள் "ஆறு மணி" என்போம். வரிசையில் நிற்கும்போதே சில்லறையை எண்ணி உள்ளங்கையில் மூடி வைத்திருப்பார். காசை வாங்கினால் சூடாக இருக்கும். ஒரு வருடம் மாவு, எண்ணெய் எல்லாம் ஏறிவிட்டதென்று அத்தா ஐம்பது காசு கூட்டினார். பழைய விலைக்கு மேல் ஒரு துண்டுக் காகிதத்தை நான்தான் ஒட்டினேன். அன்றைக்குத் தாத்தா வந்தார், பலகையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், பையில் தடவி இன்னொரு காசு எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆகிவிட்டது.

அத்தா இரண்டு வாரம் அதைக் கவனித்துவிட்டு, குவாலியைத் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "அம்பது காசுல அந்த ஆளைப் பாதியாக்கிட்டேன்."

கை அதே கை. குவாலி அதே குவாலி. மிளகாய் விழுதுகூட அதே அம்மா அரைத்ததுதான். மாறியது ஐம்பது காசு. கைப்பக்குவம்தான் இழுக்கிறதென்றால் அந்தத் தாத்தாவை அது ஏன் தினமும் இழுக்கவில்லை?

மணி அடித்துவிட்டீர்கள், இதோ இறங்குகிறேன். ஒரே ஒரு தகவல். மேடையேறுவதற்கு முன்னால் எதிரணித் தலைவர் இரண்டு அணியையும் கூப்பிட்டு, "முடிந்ததும் எல்லாரும் தேக்கா சந்தை உணவங்காடிக்குப் போவோம், மீ கோரெங் என் செலவு" என்று தாராளமாகச் சொன்னார். நாம் எட்டுப் பேர். தட்டு ஐந்து வெள்ளி, நாற்பது வெள்ளியில் விருந்து. நான் சொன்ன அந்த ஹோட்டலுக்கு அவர் நம்மைக் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அழைப்பை ஏற்கிறேன் ஐயா. எனக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாக.