மார்பு வலிச்சா கர்ப்பமா?

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைக்கு ட்ரை பண்ற பொண்ணுங்க என்கிட்ட அதிகமா கேக்குறது இதைத்தான், "டாக்டர், மார்பு ரெண்டும் கனமா வலிக்குது, இந்தத் தடவை தங்கியிருக்குமா?" தங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மார்பு வலிய வெச்சு எனக்கே சொல்லத் தெரியாதும்மா.

ஏன்னா கருமுட்டை வெளிய வந்த உடனே சினைப்பையில அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோன் சுரக்க ஆரம்பிச்சிடும், கரு உண்டாச்சா இல்லையான்னு எல்லாம் அது பாக்காது, மார்பு கனக்கிறது, வயிறு உப்புறது, மலச்சிக்கல், மத்தியானமே தூக்கம் சொக்குறது எல்லாம் அந்த ஹார்மோனோட வேலை. காலைல எந்திரிக்கிறப்ப தெர்மாமீட்டர் வெச்சா 0.3ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கூட ஏறியிருக்கும். டாக்டர் அதே ஹார்மோனை மாத்திரையா குடுத்திருந்தா இன்னும் ஜாஸ்தியா தெரியும்.

கரு போய் கர்ப்பப்பையில ஒட்டுறதே முட்டை வெளிவந்து பெரும்பாலும் 8ல இருந்து 10 நாள் கழிச்சுதான், அதுக்கப்புறம்தான் எச்.சி.ஜி.ங்கிற கர்ப்ப ஹார்மோன் சுரக்கும், டெஸ்ட் கிட் தேடுறது அதைத்தான். அப்ப மூணாம் நாள் வர்ற குமட்டலுக்கும் கருவுக்கும் சம்பந்தமே இருக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு போன்ல "ஆறாம் நாள் அறிகுறி"ன்னு தேடுறவங்க கையத் தூக்குங்க பாப்போம்... சரி வேணாம், பக்கத்துல மாமியார் உக்காந்திருக்கலாம். (சிரிப்பு) முட்டை வெடிக்க ஊசி போட்டவங்க மட்டும் இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அந்த ஊசியில எச்.சி.ஜி.யே இருந்தா ஒரு 10, 14 நாள் வரைக்கும் சும்மாவே ரெண்டு கோடு காட்டலாம்.

எனக்கு பயம் இதுல இல்ல. நீங்க சொல்லாம விடுறீங்களே, அதுலதான். பிரா கழட்டும்போது காம்பு பக்கம் பொட்டளவு ஈரம், லேசா அமுக்கினா பால் மாதிரி வருது. சில பேரு இத பாத்து சந்தோஷப்பட்டுடுறாங்க, கர்ப்பம்தான்னு. டெஸ்ட்ல ஒத்தக் கோடுன்னா அது ப்ரோலாக்டின் ஏறினதா இருக்கலாம், பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அது, அளவு மீறினா முட்டை வெளிவர்றதையே நிறுத்திடும். தைராய்டு குறைவா இருந்தாலும் ஏறும், வாந்திக்கு போடுற டோம்பெரிடோன் மாதிரி மாத்திரையாலயும் ஏறும், சில பேருக்கு மூளைக்கு கீழ இருக்கிற பிட்யூட்டரியில சின்னதா ஒரு கட்டி, பயந்துடாதீங்க, அது அனேகமா எப்பவுமே கேன்சர் இல்ல, பெரும்பாலும் மாத்திரையிலயே அடங்கிடும். ஆனா ரத்தத்துல ப்ரோலாக்டினும் தைராய்டும் பாத்தாதானே தெரியும், அதுக்கு நீங்க வாயத் திறக்கணுமே! தாடையில முடி வருது, த்ரெட்டிங் பண்ணிட்டு வந்து உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும், அதுவும் பீரியட்ஸ் 35 நாள் தாண்டித் தாண்டி வருதுன்னா பி.சி.ஓ.எஸ்., அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்ற ஹார்மோன் கோளாறு, இருக்கான்னு பாக்கணும்.

பின்னாடி நிக்கிற தம்பிங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். ஜிம்முல உடம்பு ஏத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா மூளை 'அதான் வெளியில இருந்து வருதே'ன்னு விரைக்கு குடுக்கிற சிக்னலை நிறுத்திடும், விரை சுருங்கும், விந்தணு பூஜ்யம் வரைக்கும் இறங்கலாம். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் திரும்பும், ஆனா மாசக்கணக்கா ஆகும், சில பேருக்கு வருஷத்துக்கு மேலயும். பைசெப்ஸ் பெருசாச்சுன்னு காட்டுறவங்க இந்த மாற்றத்தை மட்டும் பொண்டாட்டிகிட்ட கூட சொல்றதில்ல.

கடைசியா ஒண்ணு, இதுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேணாம். நாள் தள்ளிப் போச்சு, கோடு மங்கலாவாவது விழுந்திருக்கு, லேசா ரத்தம் படுது, அடிவயித்துல ஒரு பக்கம் மட்டும் குத்துது, தோள்பட்டை நுனி வலிக்குது, எந்திரிச்சா கண்ணைக் கட்டுது, இதுல ரெண்டு மூணு சேந்தாலே கரு கர்ப்பப்பைக்குப் போகாம டியூப்ல, அதான் கருக்குழாய்ல, தங்கியிருக்கலாம். டியூப் வெடிச்சா உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும், வெளிய சொட்டுதான் தெரியும். கொஞ்சமாத்தானே படுதுன்னு காலைல வரைக்கும் படுத்துக் கிடக்காதீங்க, அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்க.