முதல்ல அளக்கக் கத்துக்கோங்க

வணக்கம். மிஷின் ஷாப் வேலைக்கு வரணும்னு நினைக்கிற பசங்க, பொண்ணுங்க, அவங்களப் பெத்தவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குற மொத கேள்வி, "சார், எடுத்த உடனே சிஎன்சி கத்துக்குடுத்துருவீங்களா?" சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல தானா வெட்டுற மிஷின், கண்டிப்பா வேணும், வேணாம்னு யாரு சொன்னா. ஆனா அதுக்கு முன்னாடி அளக்கக் கத்துக்கோங்க, இத எத்தன தடவ வேணாலும் சொல்லுவேன்.

என்கிட்ட படிச்ச ஒரு பையன், கையில நல்ல வேலை இருக்கும், லேத்துல, அதாவது கடைசல் மிஷின்ல, உருண்டையான ஒரு ஸ்டீல் ஷாஃப்ட் கடைஞ்சான், விட்டம் 50 மில்லிமீட்டர். பீஸப் புடிச்சு சுத்துற சக்குல இருந்து கழட்டின சூட்டோட, நுணுக்கமா அளக்குற மைக்ரோமீட்டர வெச்சுப் பாத்துட்டு "50.00, கரெக்டா இருக்கு சார்"னான். நான் தொட்டுப் பாத்தேன், நல்ல சூடு. அப்படியே மேசை மேல வெச்சுட்டு வேற வேலையப் பாருப்பான்னு சொன்னேன். ஆறினப்புறம் அவனையே திரும்ப அளக்கச் சொன்னா 49.99! பையன் மைக்ரோமீட்டர சந்தேகப்படுறான், துடைக்கிறான், ஜீரோ செக் பண்றான், மறுபடியும் அதே 49.99. மைக்ரோமீட்டர்ல ஒரு தப்பும் இல்ல. ஸ்டீல் சூட்டுக்கு விரியும், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி ஏறினாலே 0.01 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல விரியும். அதனாலதான் உலகம் பூரா அளவுன்னா 20 டிகிரி செல்சியஸ்ல உள்ள அளவுன்னு வெச்சிருக்காங்க. சூட்டுல பாஸ் ஆன பீஸ் ஆறினதும் ரிஜெக்ட் ஆகுறது இப்படித்தான்.

இன்னொண்ணு, மைக்ரோமீட்டர நட்டு முறுக்குற மாதிரி இறுக்கக் கூடாது, கடைசியில இருக்குற ராட்செட்டுங்குற சின்னத் திருகத்தான் திருப்பணும், டிக் டிக்னு சத்தம் வந்ததும் கைய எடுத்துரணும். கொஞ்ச நாள்ல அந்த ஃபீல் விரலுக்கே தெரிஞ்சுடும்.

சிஎன்சிக்கு என்ன தெரியும்? டூல் தேயத் தேய பீஸ் அளவு நகரும், அளந்து பாத்து ஆஃப்செட்ட, அதாவது அந்த வித்தியாசத்த சரிக்கட்ட மிஷின்ல போடுற திருத்த அளவ, மாத்துறது நீங்கதான். தப்பா அளந்தா அது தப்பையே அச்சுப் பிசகாம அடுத்தடுத்த பீஸ்ல வெட்டும்.

டிராயிங் படிக்கிறதப் பத்தியும் சொல்லணும்னு வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. இத மட்டும் சொல்லிடுறேன், சுத்துற மிஷின் கிட்ட கிளவுஸ் போடாதீங்க, துணியோட கையையும் இழுத்துடும். சக்க இறுக்குற சாவி, அதான் சக் கீ, அத சக்குலயே விட்டுட்டு ஸ்விட்ச் போடாதீங்க. வெட்டும்போது வர்ற சுருள் சிப்ப, அதாவது இரும்புச் சீவல, கையால இழுக்காம, மிஷின நிறுத்திட்டு கொக்கியால எடுங்க. நன்றி, வணக்கம்.