வீங்கிய குழந்தைக்கு டிபி இருந்தால் எப்படித் தெரியும்?

வணக்கம் மக்களே. நான் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இன்றைக்கு நெஃப்ரோடிக் குழந்தைகளுக்கு வரும் டிபியைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

நெஃப்ரோடிக் என்றால் சிறுநீரில் புரதம் போய், முகம், கால் எல்லாம் வீங்கும். அதற்கு மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் கொடுப்பார்கள். ஸ்டீராய்டுதான், வேறு வழியில்லை. ஆனால் அது எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால், சத்தமில்லாமல் உள்ளே கிடந்த டிபி கிருமி தலைதூக்கலாம்.

சரி, டிபி என்றால் நாம் என்ன கேட்போம்? காய்ச்சல் இருக்கா, எடை குறையுதா? ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். நீர் கோத்திருக்கிற குழந்தைக்குத் தராசில் எடை குறையவே குறையாது. டிபி கிருமி உடம்பில் இருக்கா என்று பார்க்கக் கையில் போடுகிற மாண்டூ ஊசியும் தடிக்காமல் போகலாம். எச்ஐவி உள்ள குழந்தைக்கும், சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைக்கும் மாண்டூ இப்படி ஏமாற்றும். நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது, வீட்டில் யார் இருமுகிறார்கள் என்றுதான். "தாத்தாதான் சிஸ்டர், அது பீடி இருமல்" என்பார்கள். அந்தத் தாத்தாவின் சளியை முதலில் பரிசோதிக்கணும். சின்னக் குழந்தைக்கு டிபி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் ஒட்டுகிறது.

குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில், வெறும் வயிற்றில், மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுப்போம். அழுகிறானே என்று ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது, மறுநாள்தான். இப்போது மலத்தை வைத்தே எக்ஸ்பர்ட் என்ற, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குழந்தைக்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம் மருந்து. ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். சிறுநீரில் புரதம் போகுதா என்று தினமும் ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்கும் நெஃப்ரோடிக் அம்மாக்கள் ரத்தம் என்று பதறுவார்கள். ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வேகத்தைக் குறைத்துவிடும். வீக்கம் திரும்பினால் எதையும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றுவார்.

வலிப்புக்கு ஃபெனிடாய்ன் எடுக்கும் குழந்தைகளுக்கு இது தலைகீழ். ஐசோனியசிட் என்ற இன்னொரு டிபி மருந்து ஃபெனிடாய்னை ரத்தத்தில் ஏற்றிவிடலாம். அப்போது குழந்தை தள்ளாடும், தூங்கி வழியும். "டிபி மாத்திரை சேரலை" என்று பாட்டி நிறுத்தச் சொல்வார். நிறுத்தாதீர்கள், ஃபெனிடாய்ன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது, குழந்தை இப்போது எடுக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். டிபி நோயாளிகளின் சத்துணவுக்கு அரசு பணம் தரும் நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், பாஸ்புக் ஜெராக்ஸையும் அதிலேயே வைத்துவிடுங்கள்.