வீட்டுக்குள் பாடக் கூடாத பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். தாலாட்டும் ஒப்பாரியும் நாம் கற்றுக்கொள்ளாமலே வீட்டில் காதில் விழுந்து மனத்தில் தங்கிவிடுகின்றன. வீட்டுக்குள் பாடவே கூடாது என்று விலக்கிவைக்கப்பட்ட பாட்டு, அடுத்த தலைமுறையின் காதை எப்படி எட்டும்?

வடமேற்குச் சீனாவின் கான்சு, சிங்ஹாய், நிங்சியா பகுதிகளில் வாழும் ஹுய் முஸ்லிம்கள், ஹான், திபெத்தியர், சாலார் முதலிய அண்டை மக்களோடு பகிர்ந்துகொள்ளும் 'ஹுவார்' அத்தகைய பாட்டு. ஹுவார் என்றால் பூ. பாட்டில் அது காதலியைக் குறிக்கும். நான்கு அடிப் பாட்டில், முதல் இரண்டு அடிகளில் மலையோ மலரோ வரும். மனத்தில் உள்ளது பின்னிரண்டு அடிகளில்தான் வெளிப்படும். மூத்தோர் முன்னிலையில் இதைப் பாடுவது மரியாதைக் குறைவு என்பதால், வயலிலும் மலைச்சரிவிலும், கோவேறு கழுதைகளில் சுமையேற்றிச் சென்ற ஹுய் வணிகர்களின் நெடுவழியிலுமே இது வளர்ந்தது. ஒரு மெட்டுக்கு அந்தச் சுமையோட்டிகளின் பெயரே இருக்கிறது. சீன மொழியில் ஓர் அடியும் திபெத்திய மொழியில் ஓர் அடியுமாகக் கலந்து பாடும் முறையும் உண்டு. அதைக் 'காற்றில் கலந்த பனி' என்கிறார்கள்.

கான்சுவின் தாமரை மலையில் சந்திர நாட்காட்டியின் 6ஆம் மாதத் தொடக்கத்தில் கூடும் பாட்டு விழாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மலைக்குப் போகும் வழியில் ஊர்க்காரர்கள் புல்லால் திரித்த கயிற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, வருகிறவர்களைப் பாட்டாலேயே கேள்வி கேட்பார்கள். வந்தவர் அங்கேயே, அப்போதே, பாட்டால் பதில் கட்ட வேண்டும்; பதில் பிடித்தால்தான் கயிறு இறங்கும். மனப்பாடம் செய்துவந்த பாட்டு அங்கே உதவாது என்பதைக் கவனியுங்கள். காதில் கைவைத்து உச்சக் குரலில் பாடுகிறவர், எதிரில் நிற்பவரின் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தம் அடியைக் கட்டுகிறார். ஆகவே காக்க வேண்டியது மெட்டை மட்டுமன்று, அந்தக் கயிற்றையும்தான் என்பது என் கருத்து. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பழைய மரபுகளை ஒழிக்க முனைந்த மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின்போது இத்தகைய விழாக்கள் தடுக்கப்பட்டபோது அறுந்தது அந்தக் கேள்வி-பதில்தான்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. ஹுவார் பாடல்களை அச்சில் தொகுத்தல் 1940ஆம் ஆண்டிலேயே நடந்தது. 2009இல் யுனெஸ்கோ ஹுவாரை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வகுப்பறையில் இதைக் கற்பிப்பது பற்றியும் பேச எண்ணியிருந்தேன். ஒன்று மட்டும் கேட்டுவைக்கிறேன்: பெரியவர் காதில் விழக் கூடாத பாட்டை, ஆசிரியர் எதிரில் மாணவர் எந்த முகத்தோடு பாடுவார்? வணக்கம்.