எமனுக்குக் கிரீடம்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, வணக்கம். இந்நேரத்திலும் தட்டுவடை செட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களுக்குத் தனி வணக்கம்.

முதுமையில் மனநிம்மதி தருவது பண்பாடா, பணமா? நாங்கள் பண்பாடு. எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒரு போடு போட்டார்: "பண்பாட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் பிரஷர் மாத்திரை கொடுப்பானா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

பதில் சொல்ல என் பெரியப்பாவைக் கூப்பிடுகிறேன். நம்ம சேலம் குகைப் பகுதிக்காரர். ஆடி மாசத் திருவிழாவில், சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கைக்குக் கிரீடம் செய்வார். பெரியம்மா போனபிறகு மகன் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். தங்கமான பையன். ஏசி ரூம், தனி டிவி. தலைவர் கேட்ட மாத்திரை, திங்கள் செவ்வாய் என்று பிரித்து டப்பா நிறைய! ஆனால் டம்ளரைக் கழுவப் போனால், "நீங்க உட்காருங்கப்பா." செடிக்குத் தண்ணி ஊற்றப் போனால், "நீங்க உட்காருங்கப்பா." சரி, எழுந்தே நிற்போம் என்று நின்றால், "ஏம்ப்பா நிக்கிறீங்க, உட்காருங்க!"

லிஃப்டில் ஒருத்தர் "ஹலோ அங்கிள்" என்றார். இவர் ஆசையாக வாயைத் திறப்பதற்குள் மூணாவது மாடி வந்துவிட்டது. மறுநாள் அந்த ஆளைப் பிடித்துப் பேச, லிஃப்டிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி போன் போட்டான்: "சார், உங்கப்பாவுக்கு வெளியே வரத் தெரியல." மறதி நோய் என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. பேச ஆளில்லாதது ஸ்கேனில் தெரியுமாங்க?

ஆடிக்கு ஊருக்கு வந்தார். திண்ணையில் பையைக்கூட வைக்கவில்லை, தெருப் பையன்கள் வந்துவிட்டார்கள். "தாத்தா, எமனுக்குக் கிரீடம் நிக்க மாட்டேங்குது!" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பையன் தலையைச் சணலால் அளந்தார். உள்ளே பழந்துணி மடித்து வைத்து, காதுக்குப் பின்னால் நாடாவை இழுத்துக் கட்டினார். பையன் நெளிந்தான். "அசையாதடா எமா!" என்று ஒரு அதட்டு. எண்பதை நெருங்குகிற வயதில் எமனையே அதட்டுகிற தைரியம், தலைவரே, எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்?

ஆதாரம் கேட்பீர்கள். அமெரிக்காவில் பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002-இல் வெளியிட்டது இருக்கிறது. 50 வயது தாண்டிய 660 பேர். தன் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். நமக்கு ஏழரை என்றால் சனி, அங்கே ஆயுள்! அந்த நினைப்பை ஒருவருக்குள் போடுவது ஊர்தானே? ஜப்பானில் செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை முதியோருக்காகவே அரசு விடுமுறை. நாம் அறுபதாம் கல்யாணமே நடத்துகிறோம்.

எதிரணி கேட்க மறந்ததை நானே சொல்லித் தொலைக்கிறேன். தாலியிழந்த கிழவியை நல்ல காரியத்தில் ஒதுக்கி வைப்பதும் இதே பண்பாடுதான். கொடுப்பதும் அதுதான், பிடுங்குவதும் அதுதான். பணத்துக்கு அந்த வலு கிடையாது.

என் தங்கை கல்யாணத்தில் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. எங்கள் ஆயா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தங்கை மணமேடையை விட்டு இறங்கினாள். மேளம் நின்றுவிட்டது. "ஆயா, நீ தொடாத தாலி எனக்கு வேண்டாம்." ஆயா கையை முந்தானையில் துடைத்தது, துடைத்தது, துடைத்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் தொட்டது. அந்தத் தாலிதான் இன்றைக்கும் என் தங்கை கழுத்தில் கிடக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி.