கஞ்சிச் சட்டியும் தயிர்ச் சட்டியும்

(நோன்பு பிறப்பதற்கு முன் திருகோணமலையில் நடந்த பெண்கள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும். தாய்மாரே, ராத்தாமாரே, தங்கச்சிமாரே!

பிறை பார்க்க இன்னும் சில நாள்தான். மா இடித்து, தூள் அரைத்து, பேரீச்சம்பழப் பெட்டியும் வாங்கி வைத்திருப்பீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன். அஸருக்குப் பிறகு அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சி, சமூசா பொரித்து, வீடு முழுவதற்கும் சர்பத் கலக்கிக் கொடுக்கிற நீங்கள், பாங்கு சொன்னதும் என்ன குடிக்கிறீர்கள்? ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், பிறகு பிளேன்டீ. அதற்குள் பிள்ளைக்குப் பீங்கான் எடுத்து வைக்க எழும்பிவிடுகிறீர்கள். மறுநாள் பின்னேரம் தலையிடி. சலம் கடுக்கிறது. "நோன்பென்றால் அப்படித்தான்" என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தலையிடியில் பெரும்பங்கு முந்தின இரவு நாம் சாப்பிட்டதிலும் குடிக்காமல் விட்டதிலும் இருந்து வருகிறது.

நம்முடைய ஊரில் ஸுப்ஹிலிருந்து மஃரிப் வரை, அதாவது விடியலிலிருந்து பொழுது படும் வரை, 13 மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. பின்னேரம் சலம் மஞ்சளிப்பது அதனால்தான். சுகதேகிகளுக்கு உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். வெயிலில் நிற்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் நோன்பு மே, ஜூன் மாதங்களில் வந்தது. கச்சான் காற்றில் நாக்கு வறண்ட அந்த நோன்புகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முந்தி வந்து, 2026இல் பெப்ரவரி, மார்ச்சுக்கு வந்துவிட்டது. கச்சான் இல்லைதான். ஆனால் அது பெரும்போக அறுவடைக் காலம். வயலுக்குப் போகிறவரும் நம் வீட்டிலிருந்துதான் போகிறார்.

விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டு நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறோம். வயிறு ஊதுகிறது, கொஞ்ச நேரத்தில் அதில் பெரும்பகுதி சலமாகப் போய்விடுகிறது. சாப்பாட்டோடு சேர்ந்து போகிற தண்ணீர் மெதுவாக இறங்கும், மெதுவாகத்தான் உடம்பில் சேரும். ஆகவே தண்ணீரைக் குடிப்பதோடு சாப்பிடவும் வேண்டும்.

அதற்கு நம்மிடம் கஞ்சி இருக்கிறது. அரிசி, ஒரு பிடி பாசிப்பயறு, இஞ்சி, உள்ளி, வெந்தயம், கறுவா, ரம்பை, தேங்காய்ப்பால், வசதிக்கேற்ப இறைச்சி. பள்ளிவாசலில் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிறபோது பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்களே, அந்தக் கஞ்சியைவிட நல்ல முதல் உணவு எனக்குத் தெரியாது. அதில் பெரும்பங்கு தண்ணீர். வியர்வையில் போன உப்பை அது திருப்பித் தருகிறது. வெறும் வயிற்றுக்கு இதமாகவும் இருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். தண்ணியாகக் காய்ச்சுங்கள். சூப் கட்டி போடுகிறவர்கள் உப்பைக் குறையுங்கள், இல்லையென்றால் இரவெல்லாம் தாகம். கஞ்சியைச் சும்மா தொட்டு வைத்துவிட்டு ஆறு சமூசா சாப்பிடுகிற பழக்கம் இப்போது கூடிவிட்டது. எனக்கு அது கவலையாக இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழம் கொண்டு நோன்பு திறந்தார்கள், அது இல்லாதபோது சில மிடறு தண்ணீர். இதை எல்லோரும் அறிவோம். செங்காயான பேரீச்சம்பழத்தோடு வெள்ளரிக்காய் சேர்த்துச் சாப்பிட்டதும், வத்தகைப்பழத்தோடு (தர்பூசணி) சேர்த்துச் சாப்பிட்டு, இதன் சூட்டை அதன் குளிர்ச்சி முறிக்கும் என்று சொன்னதும் ஹதீஸில் வந்திருக்கிறது. நாம் பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டோம், மற்றதை விட்டுவிட்டோம். காய்ந்த பேரீச்சம்பழத்தில் சீனிச்சத்து உண்டு, தண்ணீர் குறைவு. வத்தகைப்பழத்தில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர், கெக்கரிக்காயில் 95 பங்கு. கால் கிலோ வத்தகை தின்றால் ஏறக்குறைய ஒரு தம்ளர் தண்ணீர் உள்ளே போகிறது. வெள்ளரிப்பழம் வருகிற காலத்தில் பிசைந்து கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் சர்பத் கேட்க மாட்டார்கள். சர்பத்தில் கசகசா (திருநீற்றுப்பச்சை விதை) ஊறவைத்துப் போடுவது நல்லதுதான், அதோடு சேர்க்கிற சிவப்புச் சாயமும் சீனியும்தான் வேண்டாம்.

ஸஹருக்கு வருவோம். பாணும் சம்பலும் பிளேன்டீயும் என்று முடித்துவிடுகிற வீடுகள் நிறைய. பாண் காய்ந்த சாப்பாடு, சம்பலில் மாசியும் உப்பும். கருவாடு, ஊறுகாய், பப்படமும் அப்படித்தான்: பத்து மணிக்கே தொண்டை கேட்கும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று நம்மைச் சுற்றி எருமைத் தயிர் இருக்கிறது. நம் உம்மாமார் ஸஹருக்குச் சோற்றில் தயிர் விட்டு, வாழைப்பழம் பிசைந்து, கொஞ்சம் சீனி போட்டுத் தந்தார்களே, அதற்குத் திரும்புங்கள். தயிரில் பெரும்பங்கு தண்ணீர், கூடவே புரதமும் கொழுப்பும். வயிற்றில் நின்று இறங்கும். சிவப்பரிசிச் சோறானால் இன்னும் நல்லது. புடலங்காய், பீர்க்கங்காய், நீற்றுப்பூசணி ஏதாவது ஒன்றில் பால்கறி வையுங்கள்.

மிச்சத் தண்ணீரை இரவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நோன்பு திறக்கும்போது இரண்டு தம்ளர், இரவுத் தொழுகையான தராவீஹுக்கு முன்னும் பின்னும் படுக்கும் வரைக்குமாக நாலு, ஸஹருக்கு இரண்டு. இடையில் ஒரு இளநீர் கிடைத்தால் அதுவும் கணக்கில் சேரும்.

ஆனால் சிறுநீரக நோயாளி வீட்டில் இருந்தால் இளநீரும் பேரீச்சம்பழமும் வத்தகையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நோன்புக்கு முன்னமே கிளினிக்கில் பேசி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பகலில் தலை சுற்றி, கண் இருண்டு, நிற்க முடியாமல் போனால் நோன்பைத் திறந்துவிடுங்கள். நோயாளி வேறு நாட்களில் பிடித்துக்கொள்ள குர்ஆனே இடம் தந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம். தராவீஹுக்குப் பெண்கள் தொழுகிற பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் நாலு கோப்பையும் வையுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கும் முதல் நோன்பிலிருந்தே வேண்டும்.

வஸ்ஸலாம்.