போய்ச் சேர்ந்த ஃபைல் மட்டும்தான் ஆர்க்கைவுக்குள் வர வேண்டும்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பில்லிங் சர்வரில் தினமும் இரவு சிஎஸ்வி ஃபைல்கள் உருவாகின்றன. அவற்றை எஸ்சிபி (இன்னொரு சர்வருக்கு ஃபைலை நகலெடுக்கும் கமாண்ட்) மூலம் ரிப்போர்ட் சர்வருக்கு அனுப்பிவிட்டு, அசல் ஃபைல்களை ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு எம்வி (இடம் மாற்றும் கமாண்ட்) செய்கிற மாதிரி ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட க்ரானில் போட்டிருக்கிறேன். சில நாள் ஃபைல் ஆர்க்கைவில் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லவே இல்லை. சில நாள் ஆர்க்கைவில் முழுதாக இருக்கிறது, அந்தப் பக்கம் பாதிதான் இருக்கிறது. ஏன்?"

இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். முதலாவது எளிது. ஸ்கிரிப்டில் ஒரு வரி எஸ்சிபி, அடுத்த வரி எம்வி. மேல் வரி தோற்றுப்போனாலும் பாஷ் கவலைப்படாமல் கீழ் வரிக்குப் போய்விடும். நெட்வொர்க் விழுந்திருக்கலாம், அந்தப் பக்கம் டிஸ்க் நிரம்பியிருக்கலாம், எதுவாக இருந்தாலும் எம்வி நடந்துவிடும். அதனால் எஸ்சிபி பூஜ்யத்தை, அதாவது வெற்றி என்பதை, திருப்பித் தந்தால் மட்டும் எம்வி என்று இஃப் போடுங்கள். ஒரு வரி தோற்றாலே ஸ்கிரிப்டை நிறுத்திவிடும் செட் மைனஸ் ஈ-யை மேலே போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்கிரிப்ட் நிற்கும்தான். ஆனால் பத்து ஃபைலில் மூன்றாவது தகராறு செய்தால், மீதி ஏழும் சேர்ந்து நின்றுபோகும். லூப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஆர்க்கைவ் ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருந்தால், அது அந்தப் பக்கம் முழுதாகச் சேர்ந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடிய வேண்டும். அனுப்ப வேண்டிய ஃபோல்டரில் இருந்தால் இன்னும் சேரவில்லை. இந்த ஒன்று உறுதியாக இருந்தால், எதை அனுப்பினோம் என்று தனியாக டேபிள் எதுவும் வைக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இப்போது பாதி ஃபைல் விஷயம். உங்கள் க்ரான் ஓடும்போது பில்லிங் புரோகிராம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. எஸ்சிபி அந்த நேரத்தில் இருந்ததை அனுப்பிவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். அது பொய்யும் இல்லை. அதன் பிறகு எம்வி. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி செய்தால் மாறுவது பெயரும் இடமும்தான். பில்லிங் புரோகிராம் திறந்து வைத்திருப்பது அதே ஃபைல்தான். அது ஆர்க்கைவுக்குள் போன ஃபைலிலேயே மீதியை எழுதி முடித்துவிடும். இங்கே முழுசு, அங்கே பாதி. லாக்கில் ஒரு எரர் கூட இருக்காது. இஃப் போட்டாலும் இது தீராது.

சரியான தீர்வு, எழுதும் புரோகிராம் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்தபிறகு சிஎஸ்வி என்று பெயர் மாற்றுவது. அதை மாற்ற முடியாது, வேறு ஆள் எழுதியது என்றால், ஃபைண்ட் கமாண்டில் எம்மின் ப்ளஸ் 10 போட்டு, கடந்த பத்து நிமிடமாக யாரும் தொடாத ஃபைல்களை மட்டும் எடுங்கள். இது உத்தரவாதம் இல்லை, ஊகம்தான். பில்லிங் நடுவில் பதினைந்து நிமிடம் தூங்கினால் இதுவும் ஏமாறும்.

அந்தப் பக்கத்திலும் இதே கதை உண்டு. எஸ்சிபி இறுதிப் பெயரிலேயே எழுதத் தொடங்கும். ரிப்போர்ட் புரோகிராம் அவசரப்பட்டால் பாதி ஃபைலைப் படித்துவிடும். இதற்காகவே ஆர்சிங் என்ற ஃபைல் அனுப்பும் கருவிக்கு மாறச் சொல்கிறேன். 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் கொண்டுவந்தது, இன்றும் இந்த வேலைக்கு அதைத்தான் கை தேடும். புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான பெயரில் எழுதி, எல்லாம் வந்தபிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்றும். அனுப்பிய ஃபைல் சரியாக வந்ததா என்று செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து அதுவே பார்த்துக்கொள்ளும். எஸ்எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) மட்டும்தான் அனுமதி என்றால், வேறு பெயரில் புட் கமாண்டால் அனுப்பிவிட்டு ரீநேம் செய்யுங்கள்.

ஆர்சிங்கில் ரிமூவ் சோர்ஸ் ஃபைல்ஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அது அசலை அழிக்கும், ஆர்க்கைவ் செய்யாது. உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, ஸ்டார் டாட் சிஎஸ்வி (எல்லா சிஎஸ்வி ஃபைல்களும்) என்று அனுப்பிவிட்டு, மறுபடி ஸ்டார் டாட் சிஎஸ்வி என்று எம்வி செய்யாதீர்கள். இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்த ஃபைல், அனுப்பாமலே ஆர்க்கைவுக்குப் போய்விடும். முதலில் பட்டியல் எடுத்து, அதே பட்டியலைக் கடைசிவரை பயன்படுத்துங்கள்.

சின்ன விஷயங்கள் சில. ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் நடக்காமல் பூட்டும் எஃப்லாக் போடுங்கள், நேற்றைய ஓட்டம் முடியாமல் இன்றையது தொடங்கக் கூடாது. அந்தப் பக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கு பேட்ச்மோட் யெஸ் (பாஸ்வேர்ட் கேட்காதே) கொடுங்கள், இல்லையென்றால் கீ வேலை செய்யாத நாளில் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு ஸ்கிரிப்ட் நிற்கக்கூடும். ஆர்க்கைவில் பெயரோடு தேதியைச் சேர்க்காவிட்டால், தினமும் ஒரே பெயரில் வரும் ஃபைல் நேற்றையதை அழித்துவிடும். அந்தத் தேதியை நேராக க்ரான்டேபில் (க்ரானின் அட்டவணையில்) எழுதினால் சதவிகிதக் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் வேண்டும், இல்லையென்றால் அந்தக் குறி அங்கே வரி முறிவாக மாறிவிடும். இதில் சிக்காதவர் குறைவு. ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் தொல்லையே இல்லை.

பழையதை அழிக்க ஃபைண்ட் எம்டைம் ப்ளஸ் 90 டெலிட் போதும். எம்வி ஃபைலின் பழைய நேரத்தை மாற்றாது, அதனால் 90 நாள் என்பது ஃபைல் கடைசியாக எழுதப்பட்ட நாளிலிருந்து கணக்கு. டெலிட் என்பது அந்தக் கமாண்டின் கடைசியில் வர வேண்டும். முன்னால் போட்டால் எம்டைமைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதல் தடவை டெலிட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டு ஓட்டிப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.